வறண்ட மண்ணில் புல்லும் மாடும் வாழும் வகை



கோடையில் காங்கேயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோயில் பக்கம் செல்வோர், கிளுவை வேலிக்குள் காய்ந்து கிடக்கும் நிலங்களைப் பார்த்து 'ஒன்றுக்கும் உதவாத தரிசு' என்று எண்ணுவது உண்டு. பங்குனி, சித்திரையில் அங்கே வெள்வேல் மரத்தின் தலையைத் தவிரப் பச்சை என்று சொல்ல ஏதும் இராது. ஆனால் ஒரு நல்ல மழை பெய்து பத்து நாள் கழித்துப் பார்த்தால் அதே நிலத்தில் தூர் தூராகப் பசும்புல் எழுந்து நிற்கும். யாரும் விதைக்கவில்லை. யாரும் நீர் பாய்ச்சவில்லை.

அந்தப் புல் இத்தனை மாதம் எங்கே இருந்தது? எதைக் கொண்டு உயிர் வாழ்ந்தது? இதற்கு விடை தெரிந்துகொண்டால், கொரங்காட்டில் மாட்டை எப்போது விடுவது, எப்போது அடைப்பது என்பது தானே விளங்கும். விடை தெரியாமல் மேய்த்தால் பத்துத் தலைமுறை நின்ற புல்லும் சில ஆண்டுகளில் அழிந்துபோகும். ஆகவே புல்வெளியிலும் பாலையிலும் வாழும் செடிகளும் உயிரினங்களும் வறட்சியை எப்படித் தாங்குகின்றன என்பதை இப்பாடத்தில் காண்போம்.

புல்வெளியும் பாலையும்

ஆண்டுக்கு 250 மில்லி மீட்டருக்குக் குறைவாக மழை பெறும் நிலத்தைப் பாலை என்று பொதுவாகக் கூறுவர். அதற்கு மேல் மழை பெய்தும், அடர்ந்த காடு வளர அந்த மழை போதாத நிலம் புல்வெளியாகிறது. இராஜஸ்தானத்தின் மேற்கே உள்ள தார்ப் பாலையில் ஜைசல்மேர் பக்கம் ஆண்டு மழை 200 மில்லி மீட்டரை எட்டுவதில்லை. நம் காங்கேயம் வட்டாரத்தில் 600 மில்லி மீட்டர் அளவில் மழை உண்டு. ஆயினும் அதில் பெரும் பகுதி ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்று மண்ணிலுள்ள ஈரத்தையும் வாங்கிக்கொண்டு போகிறது. எனவே மழையளவில் புல்வெளியாக இருப்பினும், ஆண்டில் பாதி நாள் இந்நிலம் பாலையைப் போலவே நடந்துகொள்கிறது.

பாலை என்பது தனியாக ஒரு நிலம் அன்று, முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுத் திரிந்தால் பாலையின் வடிவம் கொள்ளும் என்று சிலப்பதிகாரம் கூறுகிறது. மேய்ச்சல் நிலம் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் மனத்தில் கொள்ள வேண்டிய கருத்து இது. நல்ல புல்வெளியும் கைப்பிழையால் பாலையாகும்.

இலை செய்யும் சிக்கனம்

செடியின் இலைகளில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துளைகள் உள்ளன. இத்துளைகளின் வழியே செடி கரியமில வாயுவை உள்ளே இழுத்து உணவு தயாரிக்கிறது. துளை திறந்திருக்கும்போது உள்ளே உள்ள நீர் ஆவியாகி வெளியேறுகிறது. துளையை மூடினால் நீர் மிஞ்சும், ஆனால் உணவு தயாராகாது. இந்த இக்கட்டை ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு விதமாகச் சமாளிக்கிறது.

வெள்வேல், வன்னி போன்ற மரங்களின் இலை மிகச் சிறு துண்டுகளாகப் பிரிந்துள்ளது. சிறு துண்டுகள் காற்றில் விரைவில் சூடு ஆறும். ஆகையால் அவற்றைக் குளிர்விக்க அதிக நீர் செலவாவதில்லை. எருக்கின் இலைமேல் மெழுகு போன்ற பூச்சு உண்டு. சோளப் பயிர் நண்பகலில் தன் தாளைக் குழல்போல் சுருட்டிக்கொள்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வெயில்படும் பரப்பைக் குறைக்க அது செய்யும் ஏற்பாடே அது. மாலையில் மீண்டும் விரிந்தால் பயிர் இன்னும் தாங்கும் நிலையில் உள்ளது என்று பொருள். காலையிலும் சுருண்டே இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். திருகுக்கள்ளி இலையையே ஏறத்தாழக் கைவிட்டுப் பச்சைத் தண்டாலேயே உணவு தயாரிக்கிறது.

கம்பு, சோளம், மக்காச்சோளம், கரும்பு, கொழுக்கட்டைப் புல் ஆகியவற்றுக்கு வேறொரு திறமை உண்டு. அவை இலைக்குள் புகும் கரியமில வாயுவைச் செறிவாக்கி இலையின் உள்ளறைகளுக்கு அனுப்புகின்றன. ஆதலால் துளையைச் சிறிதளவே திறந்து நிறைய உணவு தயாரிக்க முடிகிறது. நெல், கோதுமை போன்ற பயிர்களுக்கு இந்த அமைப்பு இல்லை. இலை வழியே வெளியேறும் ஒரே அளவு நீருக்கு, கம்பு போன்ற பயிர்கள் நெல் போன்றவற்றைவிட ஏறத்தாழ இரு மடங்கு உலர் எடை தருகின்றன. புஞ்சைக் காட்டில் கம்பும் சோளமும் நிலைத்து நின்றதற்கு இது ஒரு பெரிய காரணம்.

சப்பாத்திக்கள்ளியும் ஆனைக்கற்றாழையும் இன்னும் ஒரு படி மேலே சென்றுவிட்டன. அவை பகலில் துளைகளை மூடிக்கொண்டு, வெயில் தாழ்ந்த இரவில் திறக்கின்றன. இரவில் இழுத்த வாயுவைப் புளிப்பு அமிலமாக்கிச் சேமித்து, மறுநாள் வெயிலில் அதிலிருந்து உணவு தயாரிக்கின்றன. ஆனால் அவற்றின் வளர்ச்சி மெதுவானது. சிக்கனத்துக்கு அவை கொடுக்கும் விலை அது.

வேரும் விதையும்

புல்லின் வேர் மேல் மண்ணில் வலைபோல் பரவுகிறது. சிறு தூறல் பெய்தாலும் அந்த ஈரத்தை உடனே பிடித்துக்கொள்ளும். மரத்தின் ஆணிவேர் ஆழத்திற்கு இறங்கி, புல்லுக்கு எட்டாத நீரை எடுக்கும். எனவே கொரங்காட்டில் வெள்வேலும் கொழுக்கட்டைப் புல்லும் ஒரே நீருக்கு அதிகம் சண்டையிடுவதில்லை. தார்ப் பாலையில் வன்னி மரத்தின் கீழ் கம்பு செழித்து வளர்வதை அங்குள்ள உழவர் நன்கு அறிவர். அங்கே கம்பு விதைக்க உழும்போதும் வன்னியை வெட்டாமல் விட்டு வைப்பர். 1983-ஆம் ஆண்டு இராஜஸ்தான் அரசு வன்னியைத் தன் மாநில மரமாக அறிவித்தது. நம் ஊர்ச் சிவன் கோயில்களில் தல மரமாக நிற்பதும் இதே வன்னிதான்.

வறட்சியைத் தாங்குவதற்குப் பதில் வறட்சியிலிருந்து தப்பி ஓடும் செடிகளும் உண்டு. நெருஞ்சி மழை பெய்ததும் முளைத்து, சில வாரங்களிலேயே பூத்துக் காய்த்து முடித்துவிடும். வெயில் காலத்தை அது விதையாகவே கழிக்கிறது. அதன் முள் காயைப் பிரித்தால் ஒவ்வொரு துண்டிலும் ஒன்றுக்கு மேற்பட்ட விதைகள் இருக்கும். அவை எல்லாம் ஒரே மழையில் முளைப்பதில்லை. பெரிய விதை முதலில் முளைக்க, மற்றவை அடுத்த மழைக்கோ அடுத்த ஆண்டுக்கோ காத்திருக்கும். முதல் மழையை நம்பி முளைத்தது காய்ந்துபோனாலும் குலம் அழியாது. களை என்று நாம் வெறுக்கும் நெருஞ்சி, விதை நெல் முழுவதையும் ஒரே நாளில் விதைக்காத கெட்டிக்கார உழவனைப் போன்றது.

வெள்வேல், முயல் மசால் ஆகியவற்றின் விதைக்குக் கெட்டியான தோல் உண்டு. நீர் எளிதில் உள்ளே இறங்காது. மழை ஏமாற்றும் நாட்டில் இதுவும் ஒரு பாதுகாப்பே. ஆகையால்தான் முயல் மசால் விதையை 80 டிகிரி சென்டிகிரேடு வெந்நீரில் 4 நிமிடம் இட்டு, பிறகு ஓர் இரவு குளிர்ந்த நீரில் ஊற வைத்து விதைக்கச் சொல்கிறோம். கொழுக்கட்டைப் புல்லின் புது விதையும் சில மாதம் உறங்கும். அறுத்த உடனே விதைத்தால் முளைப்பு குறைவதற்குக் காரணம் இதுவே. விதை கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம்.

முள்ளும் நஞ்சும்

வறண்ட நிலத்தில் ஓர் இலையை உண்டாக்கச் செடி படும் பாடு பெரிது. ஆகவே உண்டாக்கிய இலையைக் காக்கவும் அது வழி தேடுகிறது. வெள்வேலும் கிளுவையும் முள்ளால் காத்துக்கொள்கின்றன. எருக்கும் கள்ளியும் பாலால் காத்துக்கொள்கின்றன.

சோளம் தன் இளம் இலைகளில் சயனைடு நஞ்சைத் தரும் பொருளை வைத்திருக்கிறது. வறட்சியில் வாடிய சோளம், முழங்கால் உயரத்துக்கும் குறைவான இளஞ்சோளம், அறுத்த கட்டையிலிருந்து மழைக்குப் பின் துளிர்க்கும் மறுதாம்பு ஆகிய மூன்றிலும் இந்நஞ்சு மிகும். பசியோடு வந்த மாடு இதில் புகுந்து மேய்ந்தால் சில நிமிடங்களில் மூச்சுத் திணறி விழுந்துவிடும். எனவே சோளத்தைப் பூத்த பிறகே பசுந்தீவனமாகக் கொடுக்க வேண்டும். நன்கு உலர்த்திய தட்டில் நஞ்சு பெரிதும் குறைந்துவிடும். சோளம் தின்ற மாடு திடீரென்று தள்ளாடினால் கைவைத்தியம் பார்த்துக் காலம் கடத்தாமல் உடனே கால்நடை மருத்துவரை அழைக்கவும்.

தூரில் உள்ள களஞ்சியம்

இனி, முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். மழையில்லா மாதங்களில் புல் எங்கே இருந்தது?

செடிகளில் பலவற்றுக்கு வளரும் நுனி உச்சியில் இருக்கும். நுனியை ஆடு கடித்தால் வளர்ச்சி தடைபடும். புல்லுக்கோ வளரும் இடம் மண்ணை ஒட்டிய தூரில் உள்ளது. மாடு மேலே உள்ள தாளைத் தின்றாலும் அடியிலிருந்து தாள் மீண்டும் நீளும். புல்லும் மேயும் விலங்குகளும் நெடுங்காலம் ஒன்றாக வாழ்ந்ததால் அமைந்த ஏற்பாடு இது.

மழைக் காலத்தில் புல் தயாரிக்கும் உணவு முழுவதும் தாளுக்கே போவதில்லை. மழை முடியும் தறுவாயில் அதில் ஒரு பகுதியைத் தூரிலும் வேரிலும் சேர்த்து வைக்கிறது. மேலே தாள் காய்ந்த பின்பும் தூர் இந்தச் சேமிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவிட்டு உயிரோடு இருக்கிறது. மழை வந்ததும் எஞ்சியதை எடுத்து முதல் இரண்டு மூன்று இலைகளை விடுகிறது. அந்த நேரத்தில் களஞ்சியம் ஏறத்தாழக் காலியாக இருக்கும். புது இலைகள் விரிந்து சில வாரம் வேலை செய்த பிறகே அது மீண்டும் நிரம்பத் தொடங்கும்.

மழை பெய்த உடன் தலைகாட்டும் பச்சையைக் கண்டு நாம் மாட்டையும் ஆட்டையும் திறந்து விடுகிறோம். கோடை முழுவதும் காய்ந்த தட்டைத் தின்ற கால்நடைக்குப் பசும்புல் கிடைக்கிறதே என்ற ஆசைதான். ஆனால் அந்த முதல் இலை, புல் தன் கடைசிக் காசைப் போட்டு விட்ட இலை. அதை ஆடு ஒட்டக் கடித்துவிட்டால், இன்னொரு முறை இலை விடப் புல்லிடம் ஒன்றும் இராது. அவ்வாண்டு ஒரு சில தூர்கள் சாகும். அடுத்த ஆண்டு இன்னும் சில சாகும். கொழுக்கட்டைப் புல் நின்ற இடத்தில் நெருஞ்சியும் மாடு தொடாத பூண்டுகளும் ஏறும். 'மழை குறைந்துவிட்டது, புல் போய்விட்டது' என்று நாம் மழையைக் குறை கூறுவோம்.

அளவுக்கு மேல் அறுப்பது வேரை என்ன செய்கிறது என்பதை அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த கிரைடர் என்பவர் ஆராய்ந்து 1955-இல் வெளியிட்டார். இலையில் பாதி வரை அறுத்தபோது வேர் வளர்ச்சிக்குப் பெரிய பாதிப்பு இல்லை. பாதிக்கு மேல் அறுக்க அறுக்கப் பல வேர்கள் வளர்ச்சியை நிறுத்தின. 80 விழுக்காடு அறுத்தபோது வேர் வளர்ச்சி முற்றிலும் நின்றுபோயிற்று. வேர் நின்றால் ஆழத்து ஈரம் எட்டாது. அடுத்த வறட்சியில் அந்தத் தூர்தான் முதலில் சாகும். 'பாதி எடு, பாதி விடு' என்ற மேய்ச்சல் விதிக்கு அடிப்படை இதுவே.

பாதி எது என்பதை நீங்களே கண்டுகொள்ளலாம். நன்கு வளர்ந்த ஒரு தூரைத் தரையோடு அறுத்து, நூலால் ஒன்றாகக் கட்டி, விரலின்மேல் கிடையாக வைத்துச் சமன் செய்யுங்கள். சமனாக நிற்கும் இடமே பாதி எடை. அது பாதி உயரத்தைவிட நன்கு தாழ்வாகவே இருக்கும். புல்லின் அடி கனமானது, நுனி இலேசானது. அந்த இடத்தை ஒரு குச்சியில் குறித்துக்கொண்டு, புல் அந்த உயரத்துக்கு வந்ததும் மாட்டை வேறு பகுதிக்கு மாற்றவும்.

கால்நடைகளும் பிற உயிர்களும்

செடி நின்ற இடத்திலேயே வறட்சியைத் தாங்க வேண்டும். விலங்குகளுக்குக் கால் உண்டு. புல்வெளியில் மறைய மரம் இல்லாததால், தூத்துக்குடி மாவட்டம் வல்லநாட்டில் வாழும் வெளிமான் கூரிய பார்வையையும் வேகமான ஓட்டத்தையும் நம்பி வாழ்கிறது. கௌதாரி மண்ணின் நிறத்திலேயே இருப்பதால் கண்ணுக்குப் படுவதில்லை. பாலையின் எலிகள் வெயிலில் வளைக்குள் தங்கிக்கொள்கின்றன.

வறட்சியைத் தாங்குவதில் ஒட்டகத்தைச் சொல்ல வேண்டும். அதன் திமிலில் இருப்பது நீரன்று, கொழுப்பு. கொழுப்பு உடல் முழுவதும் போர்வைபோல் படியாமல் ஓரிடத்தில் இருப்பதால் உடல் சூடு எளிதில் வெளியேறுகிறது. நீர் கிடைக்காத நாட்களில் அதன் உடல் வெப்பம் விடியலில் 34 டிகிரி வரை இறங்கும், மாலையில் 41 டிகிரி வரை ஏறும். வெப்பத்தைத் தணிக்க வியர்வையைச் செலவிடாமல், ஏற விட்டு இரவில் ஆற்றிக்கொள்கிறது. உடல் எடையில் நான்கில் ஒரு பங்கு நீரை இழந்தும் அது உயிர் பிழைக்கும். தண்ணீர் கண்டால் பத்து நிமிடத்தில் 100 லிட்டர் வரை குடித்துவிடும். அதன் நீள்வட்ட இரத்த அணுக்கள் அந்த நீரால் உப்பினாலும் வெடிப்பதில்லை.

நம் காங்கேயம் மாட்டிடம் இவ்வளவு வியப்புகள் இல்லை. ஆனால் அந்த மண்ணுக்கு வேண்டியவை உள்ளன. பழைய கோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தார் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய இவ்வினம் கொழுக்கட்டைப் புல்லிலும் கொளுத்தும் வெயிலிலும் உருவானது. வெளிர் நிற மயிர் வெயிலைத் திருப்பியனுப்பும். நாட்டு மாடுகளின் வியர்வைச் சுரப்பிகள் சீமை இனங்களைவிடப் பெரியவை, தோலின் மேற்பரப்பை ஒட்டியவை. உடலுக்குள் உண்டாகும் சூடும் குறைவு. எல்லா அசைபோடும் விலங்குகளையும் போலவே, மாடும் சிறுநீரில் வெளியேற வேண்டிய யூரியாவில் ஒரு பகுதியை உமிழ்நீர் வழியே முதல் வயிற்றுக்குத் திருப்பி அனுப்புகிறது. அங்குள்ள நுண்ணுயிர்கள் அதைப் புரதமாக்குகின்றன. கோடையில் புரதம் குறைந்த காய்ந்த புல்லையும் பனையோலையையும் தின்று மாடு தாக்குப்பிடிக்க இது உதவுகிறது.

காங்கேயம் பசு நாளொன்றுக்கு இரண்டு மூன்று லிட்டர் பால்தான் கறக்கும். கலப்பினப் பசு பல மடங்கு கறக்கும் என்பது உண்மை. ஆனால் நிறையப் பால் தரும் உடல் நிறையச் சூட்டையும் உண்டாக்கும். நிழல், நீர், பசுந்தீவனம், அடர்தீவனம் ஆகியவற்றைத் தவறாமல் கொடுக்க வசதி உள்ளவர் கலப்பினம் வைத்துக்கொள்ளலாம். மழையை மட்டும் நம்பிய கொரங்காட்டில் அதை நாள் முழுவதும் மேயவிட்டு, பால் வரவில்லை என்று நொந்துகொள்வதில் பயனில்லை.

மேச்சேரி ஆட்டுக்கு உடலில் கம்பளி இல்லை, குட்டையான மயிரே உண்டு. ஆகவே சூட்டை எளிதில் தாங்கும். சேலம் மாவட்டம் பொட்டனேரியில் இவ்வினத்துக்கென ஆராய்ச்சி நிலையம் 1978-இல் தொடங்கப்பெற்று, தற்போது தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது. நண்பகலில் செம்மறிகள் ஒன்றன் வயிற்றுக்கடியில் மற்றொன்று தலையை நுழைத்து நிற்பதும் வெயிலுக்கு அவை கண்டுகொண்ட வழிதான். அந்நேரம் அவற்றை விரட்டி மேய்க்காமல் நிழலில் விட்டு, காலையிலும் மாலையிலும் மேய்க்கவும்.

ஒன்றை ஒன்று தாங்கும் வாழ்வு

மாடு நாக்கால் புல்லைச் சுற்றி இழுத்து அறுக்கும். எனவே தரையை ஒட்டி மேய அதனால் இயலாது. செம்மறி பல்லால் ஒட்டக் கடிக்கும். வெள்ளாடு தழையையும் கொழுந்தையும் நாடும். மூன்றும் ஒரே நிலத்தில் வெவ்வேறு உணவை எடுப்பதால், அளவோடு வைத்தால் நிலம் தாங்கும். செம்மறியே மிகுந்தால் தூருக்கு ஆபத்து. வெள்ளாடு மிகுந்தால் மரக் கன்றுகளுக்கு ஆபத்து.

கோடையில் தரையில் புல் இல்லாத நேரத்தில் வெள்வேல் காய் உதிர்கிறது. ஆடு அதை விரும்பித் தின்னும். கெட்டித் தோலுள்ள விதைகளில் பல வயிற்றில் செரிக்காமல், தோல் சற்று இளகி, புழுக்கையோடு வெளிவருகின்றன. பட்டி போட்ட இடத்தில் வெள்வேல் கன்று முளைப்பது இதனால்தான். மரம் ஆட்டுக்குத் தீவனம் கொடுக்கிறது, ஆடு மரத்துக்கு விதை தூவுகிறது. சாண வண்டுகள் சாணத்தை உருட்டி மண்ணுக்குள் புதைத்து உரமாக்குகின்றன.

இதே ஏற்பாடு இடம் மாறினால் தொல்லையாகவும் முடியும். அமெரிக்கக் கண்டத்து வறண்ட நிலங்களிலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட சீமைக் கருவேலின் விதையும் ஆடு மாடுகளின் வயிற்று வழியேதான் ஊரெங்கும் பரவிற்று. அதன் இலையை ஆடுகள் விரும்பித் தின்பதில்லை. வெட்டினால் அடியிலிருந்து பல கிளைகளாகத் துளிர்க்கும். நம் கொழுக்கட்டைப் புல்லோ, மேய்ச்சலுக்காகக் கொண்டுசெல்லப்பட்டு, அமெரிக்காவின் அரிசோனாப் பாலையில் பெரும் களையாக நிற்கிறது. காய்ந்த புல்லில் தீப் பரவி அங்குள்ள பெருங்கள்ளிகளை அழிக்கிறது. ஓர் இடத்துக்கு ஏற்ற உயிர் எல்லா இடத்துக்கும் ஏற்றதாகாது.

கொரங்காட்டில் கடைப்பிடிக்க வேண்டியவை

1. மழை பெய்து புல் துளிர்த்ததும் மூன்று, நான்கு வாரம் கால்நடையை உள்ளே விட வேண்டாம். புல் ஒரு சாணுக்கு மேல் வளர்ந்த பின் திறந்து விடவும். இந்த இடைவெளிக்கென்றே சோளத்தட்டுப் போரில் ஒரு பகுதியைத் தொடாமல் வைத்திருக்கவும்.

2. நிலத்தைக் கிளுவைப் போத்து ஊன்றி மூன்று, நான்கு பகுதிகளாகத் தடுக்கவும். ஒரு பகுதியை மேய்த்த பின், மழைக் காலத்தில் 40 நாளாவது அதற்கு ஓய்வு கொடுக்கவும்.

3. எப்பருவத்திலும் தூரின் மேல் 4 அங்குலத் தாள் நிற்க வேண்டும். இத்தாள் மண்ணுக்கு நிழலாகவும், ஓடும் மழை நீருக்குத் தடையாகவும் இருக்கும்.

4. முதலில் மாடு, பின் செம்மறி என்ற வரிசையில் மேய்க்கவும். செம்மறி மேய்ந்த பகுதியைக் கூடுதலாகக் கவனிக்கவும்.

5. ஆண்டுக்கு ஒரு பகுதியையாவது கதிர் விட்டு விதை உதிரும் வரை மேய்க்காமல் வைக்கவும். அடுத்த ஆண்டு வேறொரு பகுதியை விடவும்.

6. புல் அழிந்த இடங்களில் மழைக்கு முன் மண்ணைக் கீறி, ஏக்கருக்கு 3 கிலோ வரை கொழுக்கட்டைப் புல் விதை தூவவும். விதை பஞ்சுபோல் இலேசாக இருப்பதால் ஈர மணலுடன் கலந்து தூவுவது நலம். ஆழமாக மூடினால் முளைக்காது. முயல் மசாலையும் சேர்த்து விதைத்தால் தீவனத்தில் புரதம் கூடும். விதைத்த முதல் ஆண்டு மேயவிடக் கூடாது.

7. சீமைக் கருவேல் கன்றுகளை மழை ஈரத்தில் வேரோடு பிடுங்கிவிடவும். அதன் காயைத் தின்று வந்த ஆடுகளை ஒரு வாரம் பட்டியில் வைத்திருந்து பிறகே கொரங்காட்டில் விடவும்.

8. ஐப்பசி, கார்த்திகை மழை பொய்த்துவிட்டால் தை மாதத்திலேயே கணக்குப் பாருங்கள். இருக்கும் தீவனம் எத்தனை உருப்படிக்கு ஆடி வரை போதும் என்று கணக்கிட்டு, மிகுதியை உடல் தேறியிருக்கும்போதே விற்றுவிடவும். சித்திரையில் எலும்பும் தோலுமாக விற்றால் விலையும் போகும், அதற்குள் புல்லும் போயிருக்கும்.

9. கடும் வறட்சியில் சப்பாத்திக்கள்ளி மட்டைகளை முள் கருக்கி, நறுக்கி, காய்ந்த தட்டுடன் கலந்து கொடுக்கலாம். அதில் நீரே மிகுதி, புரதம் குறைவு. தனியாகக் கொடுத்தால் கழிச்சல் காணும்.

முடிவாக

கள்ளி தண்டிலும், ஒட்டகம் திமிலிலும், நெருஞ்சி விதையிலும், கொழுக்கட்டைப் புல் தூரிலும் கெட்ட காலத்துக்கென ஒரு பங்கை ஒதுக்கி வைக்கின்றன. வறண்ட நிலத்து வாழ்வு முழுவதும் இந்தச் சேமிப்பின் மேல் நிற்கிறது. புல் சேமித்ததை மாடு தின்னலாம், ஆனால் முழுவதையும் தின்னக் கூடாது. மிச்சம் விட்ட நிலம் அடுத்த மழைக்குத் தானே எழும். மிச்சம் விடாத நிலத்தில் எவ்வளவு மழை பெய்தாலும் எழுவதற்குத் தூர் இராது.

பயிற்சி வினாக்கள்

1. புல்லின் வளரும் இடம் எங்கே உள்ளது? அதனால் மேய்ச்சலில் என்ன நன்மை?

2. மழை பெய்த உடன் மேயவிடுவது ஏன் தவறு?

3. உங்கள் நிலத்தில் ஒரு தூரை அறுத்து, பாதி எடை எந்த உயரத்தில் வருகிறது என்று அளந்து எழுதுக.

4. உங்கள் கொரங்காட்டில் பத்தடி நீள அகலமுள்ள ஓரிடத்தைக் குறித்து, அதிலுள்ள உயிருள்ள கொழுக்கட்டைப் புல் தூர்களை எண்ணி வைக்கவும். அடுத்த ஆண்டு இதே மாதம் மீண்டும் எண்ணவும். எண்ணிக்கை குறைந்திருந்தால், மேய்ப்பு முறையில் எதை மாற்ற வேண்டும்?